பழைய விறகடுப்பை மூடிப் பூசுவது எப்படி: புகைக்கூடு உள்ள குசினிக்கு முழுமையான வழிகாட்டி

மட்டக்களப்பு, அம்பாறைப் பக்கத்துப் பழைய கல்வீடுகள் பலவற்றில் குசினி மூலையில் சுவரோடு சேர்த்துக் கட்டிய விறகடுப்பும், கூரையைத் தாண்டி மேலே போகிற புகைக்கூடும் இன்றைக்கும் அப்படியே இருக்கின்றன. காஸ் வந்ததோடு அடுப்பு ஓய்ந்துவிட்டது. இப்போது அந்தக் குழிக்குள் பழைய பானை, தேங்காய் மட்டை, உடைந்த வாளி, சில வீடுகளில் காஸ் சிலிண்டர். மாரியில் மேலிருந்து தண்ணீர் ஒழுகும், கச்சான் என்கிற காய்ந்த தென்மேற்குக் காற்று அடிக்கிற காலத்தில் கரித்தூள் கொட்டும், எலிக்கும் அது நல்ல வழி. ஒருநாள் பொறுமை போய், இதை மூடிப் பூசிவிட வேண்டும் என்று மேசன் பாஸைக் கூப்பிட்டால், அவர் வந்து பார்த்துவிட்டு, நாலு கல்லை வைத்துப் பூசினால் சரி, அரை நாள் வேலை என்பார்.

கல் வைப்பதும் பூசுவதும் சின்ன வேலைதான், அதில் அவர் சொல்வது சரி. ஆனால் அந்தச் சுவர் அடுத்த மாரியைத் தாங்குமா என்பது பூச்சில் இல்லை. உள்ளே ஒட்டியிருக்கிற கரியை என்ன செய்தீர்கள், மேலே திறந்து கிடக்கிற புகைக்கூட்டு வாயை எப்படி மூடினீர்கள், மூடிய குழிக்குள் காற்றுப் போக வழி விட்டீர்களா என்ற மூன்றில்தான் எல்லாம் இருக்கிறது. அதனால் இந்த வழிகாட்டியில் பூச்சு கடைசியில்தான் வரும்.

மூடிய அடுப்பு ஏன் மஞ்சளாகக் கசிகிறது

அடுப்பை மூடிப் பூசி வெள்ளை அடித்த சுவரில் சில மாதங்களில் தேநீர் சிந்தினாற்போல ஒரு கறை தெரியும். பெயின்ற் அடிப்பார்கள், திரும்ப வரும். இன்னொரு பூச்சுப் போட்டாலும் வரும். விறகுப் புகையில் கரி மட்டும் இல்லை, தாரும் நீரில் கரைகிற உப்புகளும் இருக்கின்றன. பல வருடம் எரிந்த அடுப்பில் அவை கல்லுக்குள்ளும் பழைய சாந்துக்குள்ளும் ஊறிப்போயிருக்கும். சுவர் நனைந்தால் தண்ணீரோடு கரைந்து நகர்ந்து, தண்ணீர் காய்கிற இடத்துக்கு, அதாவது புதுப்பூச்சின் முகத்துக்கு வந்து சேரும். அந்த உப்புக்கு இன்னொரு குணமும் உண்டு. காற்றில் இருக்கிற ஈரத்தைத் தானே இழுக்கும். கடலும் வாவியும் இரண்டு பக்கமும் இருக்கிற கல்லடி, காத்தான்குடி போன்ற இடங்களில், மழையே இல்லாத நாளிலும் அந்த இடம் மட்டும் கை வைத்தால் ஈரமாக இருப்பது இதனால்தான்.

சீமெந்துப் பூச்சு இதைத் தடுக்காது. கரி ஊறிய சாந்தை எடுக்க வேண்டும், மேலே இருந்து தண்ணீர் வராமல் பார்க்க வேண்டும், வந்த ஈரம் உள்ளேயே காய வழி விட வேண்டும்.

முதலில் தீர்மானிக்க வேண்டியது: மூடுவதா, இடிப்பதா

என் அபிப்பிராயம், புகைக்கூட்டை இடிக்காதீர்கள். 2022 இல் காஸுக்கு வரிசையில் நின்ற காலத்தை மறந்திருக்க மாட்டீர்கள். புகைக்கூடு இருந்த வீடுகள் குசினிக்குள்ளேயே விறகு எரித்துச் சமாளித்தன, இடித்தவர்கள் முற்றத்தில் மூன்று கல்லை வைத்து எரித்தார்கள், அதுவும் மழை பெய்யாத வரைக்கும்தான். அடுப்பு வாயை மட்டும் மூடினால் தேவைப்படுகிற நாளில் கல்லைக் கழற்றித் திறந்துகொள்ளலாம். இடிக்கிற செலவு மூடுகிற செலவைவிடப் பல மடங்கு, கூரையையும் திருத்த வேண்டி வரும்.

இடித்தே ஆக வேண்டும் என்றால் ஒரு விஷயத்தை மட்டும் மனதில் வையுங்கள். மேல் பகுதியை வைத்துக்கொண்டு குசினிக்குள் இருக்கிற கீழ்ப் பகுதியை மட்டும் எடுத்துவிடக் கூடாது. மேலே இருக்கிற பாரம் முழுவதும் அதில்தான் நிற்கிறது. இடிப்பதென்றால் மேலிருந்து கீழே, அதையும் கட்டட வேலை தெரிந்த ஒருவர் பார்த்துச் சொன்ன பிறகு.

வீட்டில் பெரியவர்களிடமும் பேசுங்கள். எங்கள் பக்கத்தில் வீடு பெண்பிள்ளைக்குத்தான் போகும், அதனால் அந்தக் குசினி பெரும்பாலும் அம்மாவும் அம்மம்மாவும் சமைத்த குசினி. "மனே, அக்கினி மூலையை அடைக்கிறதா?" என்ற கேள்வி வரும். காஸ் அடுப்பை அதே மூலையில் வைத்துவிட்டால் பல வீடுகளில் அந்தக் கவலை தீர்ந்துவிடுகிறது. சொல்லாமல் மூடிவிட்டு மனஸ்தாபப்படுவதைவிட முதலே சொல்வது நல்லது.

காஸ் பற்றி இன்னொன்று. சிலிண்டரை அந்தக் குழிக்குள் வைத்து முன்னால் கதவு போடுகிற யோசனை இருந்தால் விட்டுவிடுங்கள். சமையல் காஸ் காற்றைவிடப் பாரம், கசிந்தால் கீழேதான் தேங்கும். மூடின குழிக்குள் தேங்கினால் மணம்கூட நேரத்துக்குத் தெரியாது.

எந்த மாதத்தில் செய்வது

ஒக்டோபர் கடைசியிலிருந்து ஜனவரி, சில வருடம் பெப்ரவரி வரைக்கும் மாரி. அந்தக் காலத்தில் கூரைக்கு மேல் வேலையும் ஆபத்து, சுவரும் நனைந்திருக்கும். ஜூன், ஜூலையில் கச்சான் அடிக்கும்போது எதிர்ப்பக்கத்துப் பிரச்சினை: பூசின சாந்து இறுகுவதற்கு முதல் காய்ந்து வெடிக்கும். பெப்ரவரி கடைசியும் மார்ச்சும்தான் பொருத்தமான காலம். சித்திரைப் புத்தாண்டுக்குப் பெயின்ற் அடிக்கிற வீடென்றால் மார்ச் நடுப்பகுதிக்குள் பூச்சு முடிந்திருக்க வேண்டும், ஏனென்றால் பூச்சுக்கும் பெயின்றுக்கும் இடையில் நாலு கிழமையாவது விட வேண்டும்.

தேவையான சாமான்

அடுப்பு வாய் 4 அடிக்கு 4 அடி என்று வைத்துக்கொள்வோம். 16 அங்குல நீளம், 8 அங்குல உயரம், 4 அங்குலத் தடிப்புள்ள சீமெந்துக் கல் 18 போகும், உடைவதற்கும் சேர்த்து 20 வாங்குங்கள். கல்லின் அளவு இடத்துக்கிடம் மாறும், வாங்குவதற்கு முதல் அளந்து பாருங்கள். சீமெந்து 50 கிலோ மூடை ஒன்று கட்டுக்கும் பூச்சுக்கும் மேல் மூடிக்கும் சேர்த்தே போதும். அதோடு அரித்த ஆற்று மணல், கொஞ்சம் சுண்ணாம்பு, மேல் மூடிக்குச் சல்லியும் 6 மில்லிமீற்றர் கம்பியும், கோழிவலை, நெருக்கமான கண்ணுள்ள அலுமினிய வலை, ஒரு துண்டுத் தடித்த பொலித்தீன்.

மணலில் விட்டுக்கொடுக்காதீர்கள். கடற்கரை மணல் வாசலிலேயே கிடக்கிறது என்று அள்ளிக் கலந்தால் அதிலுள்ள உப்பு பூச்சில் வெள்ளையாகப் பூக்கும், கம்பியும் துருவேறும். தண்ணீருக்கும் இதே கதைதான். வாவிக்கரைக் கிணற்றுத் தண்ணீர் வாயில் வைத்தால் கரிக்கிறதென்றால் அது சாந்துக்கும் ஆகாது, குழாய்த் தண்ணீரை எடுங்கள்.

உள்ளே பார்ப்பது

டோர்ச்சை அடித்து மேலே பாருங்கள். புகைக்கூட்டுக்குள் குளவிக்கூடு, வௌவால், அணில் கூடு, சில நேரம் பாம்பும் இருக்கும். குளவி இருந்தால் நீங்கள் கை வைக்க வேண்டாம், அது தெரிந்த ஆளைக் கூப்பிடுங்கள். அடுப்பு வாய்க்கு மேலே குறுக்காகப் போகிற உத்தரத்தையும் பாருங்கள். மரமாக இருந்தால் ஒரு ஸ்குரூ டிரைவரால் குத்துங்கள், சுலபமாக உள்ளே இறங்கினால் கறையான் தின்றிருக்கிறது. கொங்கிறீற் என்றால் வெடிப்பும் துரு ஒழுகின தடமும் இருக்கிறதா என்று பாருங்கள். உத்தரம் பழுதென்றால் முதல் வேலை அது. மூடின பிறகு கல் தாங்கும்தானே என்று விடக் கூடாது, 4 அங்குலக் கல்லை அந்தப் பாரத்துக்காக வைக்கவில்லை.

கரி எடுப்பது

இந்த வேலைக்குத்தான் கூட நேரம் கொடுக்க வேண்டும். குசினிச் சாமான் எல்லாவற்றையும் வெளியே எடுத்து, கதவு யன்னலைத் திறந்து, அடுப்பு வாயை ஈரச் சாக்கால் மறைத்துக் கட்டுங்கள். முகமூடி கட்டாயம், வெறும் கைலேஞ்சி போதாது. கண்ணுக்கும் கண்ணாடி போடுங்கள். நீளத் தடியில் கட்டிய கம்பிப் பிரஷ்ஷால் மேலிருந்து கீழே உரசி இறக்குங்கள். விழுவதை உரப்பையில் அள்ளுங்கள்.

உலர்ந்த கரி தூளாகக் கொட்டும், அது சுலபம். அதற்குக் கீழே கல்லோடு ஒட்டி, நகத்தால் சுரண்டினால் துண்டு துண்டாக உதிர்கிற, மினுங்குகிற ஒரு கறுப்புப் படை இருக்கும். தார் அதுதான், பின்னால் கறையாக வருவதும் அதுவே. அடுப்புக் குழியின் மூன்று பக்கத்திலும், கை எட்டுகிற உயரம் வரைக்கும் புகைக்கூட்டுக்குள்ளும் உளியாலும் சுரண்டியாலும் அதை எடுங்கள். தண்ணீர் ஊற்றிக் கழுவ வேண்டாம், கழுவினால் தார் இன்னும் உள்ளே ஊறும். உலர்ந்தபடியே எடுத்து, தூசைத் தட்டிவிடுங்கள்.

அடியில் கிடக்கிற விறகுச் சாம்பல் தென்னைக்கு நல்லது. கரியையும் தாரையும் அதோடு கலக்காதீர்கள், பிளாஸ்ரிக் எரித்த அடுப்பென்றால் சாம்பலையும் தோட்டத்துக்குப் போட வேண்டாம்.

மேல் வாயை மூடுவது

சாக்கைச் சுருட்டிப் புகைக்கூட்டுக்குள் அடைத்துவிடுகிறவர்கள் இருக்கிறார்கள். அது நனையும், அழுகும், எலிக்கு மெத்தையாகும். தகரத்தை வைத்து மேலே கல்லைப் பாரம் ஏற்றுவதும் வேண்டாம். 1978 நவம்பர் 23 சூறாவளியைக் கண்ட ஊர் இது, காற்றில் கழன்று வருகிற தகரம் ஆளை வெட்டும்.

சரியான முறை இது. புகைக்கூட்டு விளிம்பின் நாலு மூலையிலும் அரை அடி உயரத்துக்குச் சிறிய தூண் கட்டி, அதன்மேல் கொங்கிறீற் மூடி வைக்க வேண்டும். மழை மேலால் விழாது, நாலு பக்கத்தாலும் காற்றுப் போகும். அந்த நாலு பக்க இடைவெளிக்கும் அலுமினிய வலை அடியுங்கள். மூடி புகைக்கூட்டைவிட ஒவ்வொரு பக்கமும் 2 அங்குலம் வெளியே நிற்க வேண்டும், விளிம்பின் அடிப்பக்கத்தில் விரல் தடிப்பில் ஒரு கோடு இழுத்துவிட்டால் தண்ணீர் உள்பக்கமாக ஓடாமல் அதிலேயே சொட்டும். மேல் முகம் கொஞ்சம் சரிவாக இருக்கட்டும். தட்டையாகவோ குழியாகவோ இருந்தால் தண்ணீர் தேங்கி நுளம்பு பெருகும், டெங்குக் காலத்தில் கூரையில் இருப்பது யார் கண்ணிலும் படாது.

மூடியை நிலத்தில் வார்க்கலாம்: சீமெந்து 1, மணல் 2, சல்லி 4, நடுவில் 6 மில்லிமீற்றர் கம்பியை அரை அடி இடைவெளியில் குறுக்கும் நெடுக்கும் போட்டு. ஒரு கிழமை ஈரமாக வைத்திருந்து பிறகு ஏற்றுங்கள். 2 அடிக்கு 2 அடி, 2 அங்குலத் தடிப்புள்ள மூடி கிட்டத்தட்ட 45 கிலோ வரும். ஏணியில் தோளில் வைத்து ஏற்றுகிற பாரம் இல்லை அது. சாரம் கட்டி, கயிறு போட்டு ஏற்ற வேண்டும்.

கூரை அஸ்பெஸ்ரஸ் சீற் என்றால் இன்னும் கவனம். சீற்றின் நடுவில் கால் வைத்தால் உடைந்து ஆளோடு கீழே வரும். ஆணி அடித்த வரிசைக்குக் கீழேதான் மரம் ஓடுகிறது, அதன்மேல் பலகை போட்டு நடங்கள். புகைக்கூட்டைச் சுற்றிச் சீற்றை வெட்ட வேண்டி வந்தால் கிறைண்டரால் உலர்ந்தபடி வெட்டாதீர்கள். அந்தத் தூசு நுரையீரலுக்குப் போனால் பல வருடம் கழித்து நோயாகத் தெரியும். நனைத்து, கைவாளால் அறுத்து, துண்டுகளைப் பையில் கட்டி அகற்றுங்கள்.

கூரையும் புகைக்கூடும் சேர்கிற இடத்தில் பழைய சாந்து வெடித்திருக்கும். மேலே ஏறின கையோடு அதையும் திருத்துங்கள். மழைத் தண்ணீர் உள்ளே வருகிற வழி பல வீடுகளில் புகைக்கூட்டு வாய் இல்லை, இந்த மூட்டுத்தான்.

கீழே காற்று வழி

மேலே காற்றுப் போனால் கீழே காற்று வர வேண்டும், அப்போதுதான் உள்ளே ஓட்டம் இருக்கும். அடுப்பின் பின்சுவர் வெளிச்சுவர் என்றால், பெரும்பாலும் அப்படித்தான் இருக்கும், அதில் 9 அங்குலத்துக்கு 6 அங்குலம் ஒரு துளை விடுங்கள். வெள்ளம் ஏறுகிற இடமென்றால் உங்கள் வளவில் தண்ணீர் நின்ற உயரத்துக்கு மேலே இருக்கட்டும். வெளியிலிருந்து கழற்றக்கூடிய நெருக்கமான வலையும், சாய்வான ஒரு சிறிய மறைப்பும் போதும். பின்சுவர் வெளிச்சுவர் இல்லையென்றால் இதே துளையைக் குசினிப் பக்கம், புதுச்சுவரின் அடிப்பாகத்தில் விட்டு வலைச்சட்டம் பூட்ட வேண்டும். பார்க்க அழகில்லை என்று பிறகு அதை அடைப்பவர்கள் இருக்கிறார்கள், அடைத்தால் இவ்வளவு வேலையும் வீண்.

பழைய பூச்சைக் கொத்துவது

அடுப்பு வாயைச் சுற்றி ஒவ்வொரு பக்கமும் ஒரு அடி, மேலே இரண்டு அடி, பழைய பூச்சைக் கல் தெரியக் கொத்துங்கள். அதன் பிறகு மிச்சமுள்ள பூச்சின் விளிம்பில் ஈர வெள்ளைத் துணியை ஒரு நிமிடம் அழுத்திப் பிடித்துப் பாருங்கள். துணியில் மஞ்சளோ பழுப்போ ஏறினால் இன்னும் அரை அடி கொத்த வேண்டும். துணி வெள்ளையாக வருகிற இடம்தான் எல்லை. கல் இடுக்கிலும் அரை அங்குல ஆழம் சாந்தைக் கிளறி எடுங்கள். இப்படிக் கொத்தின சுவரை முடிந்தால் ஒரு கிழமை திறந்தபடி காயவிடுங்கள்.

கல் கட்டுவது

அடித்தளம் மண்ணென்றால் அரை அடி தோண்டிக் கொங்கிறீற் போட்டு, அதன்மேல் பொலித்தீனை விரித்துத்தான் முதல் வரிக் கல்லை வைக்க வேண்டும். இல்லாவிட்டால் நிலத்து ஈரம் ஏறும். சீமெந்துத் தளமென்றாலும் பொலித்தீன் போடுவது நல்லது.

சாந்து சீமெந்து 1 க்கு மணல் 6. பழைய சுவர் சுண்ணாம்பாலும் மண்ணாலும் கட்டியதென்றால் சீமெந்து 1, சுண்ணாம்பு 1, மணல் 6 என்று கலந்தால் பழைய சுவரோடு ஒத்துப்போகும், பிறகு ஒருநாள் திறக்க வேண்டி வந்தாலும் கல் உடையாமல் கழன்று வரும்.

புதுக்கல்லின் முகம் பழைய கல்லின் முகத்துக்கு நேராக இருக்க வேண்டும், வெளியே வரவே கூடாது. வந்தால் பூச்சில் அந்த இடம் வயிறு தள்ளித் தெரியும். ஓரத்தில் ஒரு வரி விட்டு ஒரு வரிக்கு பழைய சுவரில் துளை போட்டு 6 மில்லிமீற்றர் கம்பித் துண்டு இறக்கி, அதன் மறுமுனையைச் சாந்துக்குள் புதையுங்கள். சில பாஸ்மார் பழைய சுவரை வெட்டிப் பல் வைத்துக் கட்டுவார்கள், அது உறுதிதான், ஆனால் பழைய சுண்ணாம்புச் சுவரை அதிரக் கொத்தினால் நல்ல கல்லும் ஆடும். கம்பியே எனக்குப் பிடிக்கும்.

உத்தரத்துக்குக் கீழே கடைசி வரிக்கு மேல் ஒரு இடைவெளி வரும். அதை அன்றைக்கே அடைக்காதீர்கள். சுவர் கொஞ்சம் இறங்கும், அடுத்த நாள் இறுக்கமான சாந்தையும் கல்துண்டையும் நெருக்கி அடையுங்கள். ஒவ்வொரு வரிக்கும் நீர்மட்டம், தூக்குக்குண்டு வைத்துப் பார்ப்பது சொல்லத் தேவையில்லை.

பூச்சு

கட்டி மூன்று நாலு நாள் போகட்டும். பழைய சுவரும் புதுச்சுவரும் சேர்கிற கோட்டிலும் உத்தரத்தின் மேலும் 8 அங்குல அகலக் கோழிவலையை ஆணி அடித்து இழுத்துப் பிடியுங்கள். வலை தளர்வாக இருந்தால் பயன் இல்லை. இது இல்லாத சுவரில் அடுப்பு வாயின் வடிவமே வெடிப்பாகப் பின்னால் தெரியும்.

சுவரை முதல் நாள் மாலையே நனையுங்கள், பூசுகிற நேரம் ஈரமாக இருக்கலாம், தண்ணீர் வழியக் கூடாது. சீமெந்துப் பாலை விளக்குமாற்றால் தெளித்து, அது காய்வதற்கு முன் முதல் படை: 1 க்கு 5, சுண்ணாம்புச் சுவருக்கு முன்னே சொன்ன 1, 1, 6. தடிப்பு அரை அங்குலம், அதற்கு மேல் ஒரே தரத்தில் போட்டால் தொங்கும். மேசன் கரண்டியால் கீழிருந்து மேலே எறிந்து, நேரான சட்டத்தால் இழுத்து, பழைய பூச்சின் முகத்தைவிட ஒரு நூல், அதாவது எட்டில் ஒரு அங்குலம், உள்ளே நிற்கும்படி விடுங்கள். கொஞ்சம் இறுகினதும் ஆணியால் குறுக்கும் நெடுக்கும் கீறிவிடுங்கள்.

அடுத்த நாள் மெல்லிய மணலில் இரண்டாம் படை, பழைய பூச்சோடு மட்டமாக. தேய்ப்புப் பலகையால் வட்டமாகத் தேய்க்கும்போது தண்ணீர் தெளித்துத் தெளித்துக் குழைய விடாதீர்கள். மேலே வெறும் சீமெந்தைத் தூவி மினுக்குகிற பழக்கம் இந்த இடத்துக்கு வேண்டாம், அது சுவர் மூச்சு விடுவதை அடைக்கும், நூல் நூலாகவும் வெடிக்கும்.

ஒரு கிழமைக்குக் காலை மாலை தண்ணீர் தெளிக்க வேண்டும். கச்சான் அடிக்கிற நேரமென்றால் அந்தப் பக்கத்து யன்னலைச் சாத்தி, ஈரச் சாக்கைத் தொங்கவிடுங்கள்.

பெயின்ற்

நாலு கிழமைக்குப் பிறகு சுவரைக் கை வைத்துப் பாருங்கள், சுற்றியுள்ள சுவரைவிடக் குளிராக இருந்தால் இன்னும் காயவில்லை. காய்ந்ததும் அந்த இடத்துக்கும் அதைச் சுற்றி ஒரு அடிக்கும் எண்ணெய் அடிப்படையிலான கறை தடுக்கிற பிறைமர் ஒரு கை, காய்ந்த பிறகு வழக்கமான இமல்சன் இரண்டு கை. தண்ணீர் பிறைமர் கரிக்கறையைப் பிடிக்காது. டைல்ஸ் ஒட்ட நினைக்கிறவர்கள் ஒரு மாரி போகும் வரைக்கும் பொறுங்கள், உள்ளே ஈரம் இருந்தால் டைல்ஸ் அதை மறைக்கும், தீர்க்காது.

முதல் மாரியில் பெரிய மழை ஒன்று பெய்து முடிந்த மறுநாள் டோர்ச்சை எடுத்துக்கொண்டு கீழே விட்ட காற்றுத் துளையின் வலையைக் கழற்றி உள்ளே பாருங்கள். அடித்தளம் உலர்ந்திருந்தால் மேல் மூடி சரி. ஒரு பக்கச் சுவர் மட்டும் நனைந்திருந்தால் கூரை மூட்டிலிருந்து வருகிறது, தண்ணீர் நேரே விழுந்து புள்ளி புள்ளியாகத் தெரிந்தால் மூடியின் விளிம்பு போதாது. வலையில் எலி கடித்திருக்கிறதா என்றும் பார்த்து, திரும்பப் பூட்டிவிடுங்கள்.